கடைசியிலிருந்து கேட்ட கதை

என் மகள் சிரித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து குப்புறக் கிடக்கிற பிள்ளை சிரித்தால் பெற்றவளுக்கு மனம் குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. அவள் சிரித்தது என்னிடம் இல்லை. காதில் செருகியிருந்த வெள்ளைப் பொத்தானுக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி ஏதோ சொன்னாள், அதற்குச் சிரித்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ரசஞ்சாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நான் நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

அவள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்திருந்த இடத்தில்தான் அது நடந்தது. எங்கள் வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் விசைத்தறிகள் ஓடுகின்றன. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் திருச்சுழி போகிற வழியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அன்று மகள் அப்பாவுக்கு டீ கொண்டுபோனாள். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடா என்பது இரண்டு முனையிலும் இரும்பு வைத்த ஒரு கட்டை. எப்போதாவது அது தடம் தவறித் தெறிக்கும். பெரும்பாலும் சுவரில் அடித்து விழும். அன்றைக்கு என் மகளின் முகத்தில் அடித்தது.

அவள் நின்ற இடம் நாங்கள் எல்லோரும் தினமும் நிற்கிற இடம்தான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் அலறியிருக்கிறாள். அடுப்படியில் நின்ற எனக்கு அது கேட்கவில்லை. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதுதான் கேட்டது. அன்றிலிருந்து தறி ஓடுகிற வரைக்கும் நான் எப்படியோ இருந்துவிடுகிறேன். தறி நின்றால்தான் பயம். நூல் மாற்றுவதற்காக நிறுத்தினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் சாவகாசமாக நாடாவில் நூல் சுற்றிய தாரை மாற்றிக்கொண்டிருப்பார். “என்ன டீச்சர், இன்ஸ்பெக்சனா?” என்பார். நான் அடுப்படிக்குத் திரும்பி வருவேன்.

மதுரையில் அறுவை செய்த டாக்டர், கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழி வைத்திருப்பதாகச் சொன்னார். முகம் தரையைப் பார்த்தே இருந்தால்தான் குமிழி மேலெழும்பி, கிழிந்த விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். “ஒட்டிக்கிட்டா பார்வை திரும்பிரும்மா. நிமிர விடாமப் பாத்துக்கங்க” என்றார். ஒட்டாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

சாப்பிட, குளிக்கப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் குப்புறவே கிடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பட்டைக் கட்டிலின் தலைமாட்டில் நைலான் பட்டைகளை விலக்கி, முகம் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை செய்தார். கொட்டகையில் கிடந்த கழிவு நூலைத் துணிக்குள் திணித்துத் தைத்து, ஓட்டையைச் சுற்றி மெத்தை வைத்தார். ஆஸ்பத்திரியில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த தலையணையைவிட அது வசதியாக இருந்தது என்று மகளே சொன்னாள். அப்பாவைப் பாராட்டினாள். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

தறி ஓடுகிற வீட்டில் பேச்சைக் காதால் கேட்பதில்லை, கண்ணால்தான் கேட்போம். உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வோம். சோறு தயார் என்றால் ஐந்து விரலையும் குவித்து வாயருகே காட்டுவது. நூல் அறுந்துவிட்டது என்றால் ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டுவது. வியாபாரி வந்திருக்கிறார் என்பதற்கு, அவர் தொப்பையைத் தடவுகிற மாதிரி நம் வயிற்றைத் தடவுவது. நான் பந்தல்குடிப் பக்கம் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தபின் இதைப் படிக்க ஒரு வருசம் ஆனது. என் மகள் வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே இதைப் பழகிக்கொண்டாள். தொட்டிலில் கிடந்து கையைக் குவித்துக் காட்டிப் பால் கேட்டவள்.

இப்போது அவள் தரையைப் பார்த்துக் கிடந்தாள். எங்கள் உதடுகளும் கைகளும் அவளுக்குத் தெரியாது. எதைச் சொல்வதானாலும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். எனக்கோ வகுப்பறைக் குரலும் தறிவீட்டுக் குரலும் சேர்ந்த குரல். “தண்ணி வேணுமா தாயி” என்று கேட்டால் தெருமுனையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் சில நாட்கள் அவளுக்குப் பொழுது போகட்டும் என்று பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நாவலைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினேன்.

“அம்மா, கத்தாத.”

“கத்தலடி. வாசிக்கிறேன்.”

“நீ வாசிச்சா, முடிஞ்சதும் கேள்வி கேப்பியோன்னு பயமா இருக்கு.”

வாசற்படியில் நின்ற என் வீட்டுக்காரர், “கோடிட்ட இடத்தை நிரப்புகவும் உண்டா டீச்சர்?” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அதன்பிறகு அதைத் திறக்கவில்லை.

விடுதித் தோழி ஒருத்தி போனில் பேசும்போதுதான், கண்ணுக்கு வேலையில்லாமல் கேட்கிற கதைகள் இருப்பதை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பாவும் மகளும் செய்த ஆர்ப்பாட்டம் சமையலறை வரை கேட்டது.

“அப்பா, சிவப்புக் கெட்டில் படம் ஒண்ணு இருக்குல்ல, அதத் தொடுங்க.”

“கெட்டிலா? டீத்தூள் விளம்பரமா பாப்பா இது?”

“கதைப்பா. பாட்காஸ்ட். ஒருத்தவுக சொல்லிக்கிட்டே வருவாக, நம்ம கேட்டுக்கிட்டே இருக்கலாம்.”

“காசு?”

“காசெல்லாம் இல்ல.”

“அப்ப கேளு.”

அன்று சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு மாறியிருந்தது. அதுவரைக்கும் நிமிசத்துக்கு ஒரு தரம் “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். கழுத்து வலிக்குதும்மா, முதுகு சொறிஞ்சு விடும்மா, மணி என்னம்மா. ஐயோ, இந்தப் பிள்ளை என்னை உட்கார விட மாட்டேனென்கிறதே என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கூப்பிடவே இல்லை. நானாகப் போய் முதுகைச் சொறிந்தால் கையைத் தட்டிவிட்டாள். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் அழவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. என்றைக்காவது பேசுவாள், அன்றைக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குள் அவள் காதை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் தோள்பையைக்கூட இறக்காமல், அவள் முகத்தைப் பார்ப்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தேன். ஓட்டையில் அவள் முகம் தெரிந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. மறு கண்ணை மூடியிருந்தாள். சின்ன வயதில் மிட்டாய்க்காரன் எடை போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதுபோல வாய் லேசாகத் திறந்திருந்தது. என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

கையை நீட்டி ஒரு காதுப் பொத்தானை எடுத்தேன். “ஏன் தாயி அழுகுற? கண்ணுக்கு ஆகாதுடி.”

“அய்யோ அம்மா, இரு. அவுக முக்கியமான எடத்துல இருக்காக.”

“யாரு?”

“கத சொல்றவுக.”

என்னை நீ என்கிறாள். முகம் தெரியாத ஒருத்தி அவுக. தனக்காக அழாத பிள்ளை அவுக சொல்கிற கதைக்கு அழுகிறாள். பொத்தானைத் திரும்பச் செருகிவிட்டு வெளியே வந்தேன். முதுகெல்லாம் தரைத் தூசி. அதைத் தட்டிவிடக்கூட எனக்கு மனசு வரவில்லை.

அவள் போனுக்குச் சார்ஜ் போடும்போது கதையின் தலைப்பை மனப்பாடம் செய்துகொண்டேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த செல்போன் கடைக்குப் போனேன்.

“ஒயர் வச்சதாக்கா, ஒயர் இல்லாததா?” என்றார் கடைக்காரர்.

“எதுல கத நல்லாக் கேக்கும்?”

“கதையா? பாட்டுன்னா சொல்லலாம். கதைக்கு எதுனாலும் போதும்க்கா.”

ஒயர் வைத்ததையே வாங்கினேன். மற்றது கழன்று விழுந்தால் பஸ்ஸில் யார் காலுக்குள் போய்த் தேடுவது?

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கதையைத் தேடினேன். சிவப்புக் கெட்டில் படம் வந்தது. கீழே வரிசையாகத் தலைப்புகள். எண் எதுவும் இல்லை. தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. கண்ணாடியைப் போட்டும் அது எனக்குப் பிடிபடவில்லை. பாடநூலோ வருகைப் பதிவேடோ விடைத்தாள் கட்டோ, மேலே இருப்பதை முதலில் எடுப்பதுதான் என் வழக்கம். மேலே இருந்த தலைப்பைத் தொட்டேன்.

அந்தக் குரலை நான் எதிர்க்கட்சிக்காரியைப் போலத்தான் கேட்க ஆரம்பித்தேன். கொஞ்சம் கரகரப்பான குரல். என் வயதுதான் இருக்கும். ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்று, எச்சில் விழுங்கி, இன்னும் தணிந்து அடுத்த பாதியைச் சொன்னது. எப்படி முடிகிறது இவளுக்கு? அவள் வீட்டில் தறி இருக்காது. கதவைச் சாத்தினால் சத்தம் வராத ஓர் அறை இருக்கும். உலை கொதித்து வழிகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. அப்படிப்பட்டவள் தணிந்து பேசுவதில் என்ன அதிசயம் என்று எனக்குள் வாதாடிக்கொண்டே கேட்டேன்.

ஒரு பெண் ரயில் நிலையத்தில் டீக்கடையைக் கழுவிவிடுகிறாள். கெட்டிலைக் கவிழ்த்து வைக்கிறாள். வேறு யாருடைய பெயரையோ சொல்லி டிக்கெட் எடுத்து, ரயிலேறிப் போய்விடுகிறாள். யார் அவள், எதற்குப் போகிறாள், ஒன்றும் புரியவில்லை. இக்காலத்துக் கதைகள் இப்படித்தான் தலையும் வாலும் இல்லாமல் தொடங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு குரல் யார் யாருக்கோ நன்றி சொல்ல ஆரம்பித்தது. ஆண்டுவிழாவில் நன்றியுரை வந்தால் எழுந்து போகிறவள் நான். அதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அதற்குக் கீழே இருந்தது. அடுத்த நாள் அதற்கும் கீழே. சின்னஞ்சிறு ரயில் நிலையம். தினமும் ஒரே ஆள் இறங்கி டீ குடிக்கிறான். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர் சொல்கிறான். அந்தப் பெண் ஒரு முறையும் அவனைத் திருத்துவதில்லை. கேட்கக் கேட்க, ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல் காடும் மழைக்கு ஏங்குகிற வானமும் எனக்குத் தெரியாமலே கடந்துபோயின. ஒரு காலையில் கண்டக்டர் வந்து தோளுக்கருகே சீட்டுக் கம்பியைத் தட்டினார்.

“டீச்சர், எறங்கலையா? திருச்சுழியில எதும் ஜோலியா?”

பதறிப்போய் இறங்கினேன். பள்ளிக்கூடம் பின்னால் எங்கோ இருந்தது. வெயிலில் திரும்பி நடக்கும்போது எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் வந்தது. என் மகள் ஏன் அந்தக் குரலிடம் போனாள் என்பது புரிந்துவிட்டது. புரிந்தபின் பொறாமை குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அன்று கொட்டகையில் ஒரு தறி மட்டும் ஓடியது. கொஞ்சம் கத்தினால் போதும். காதுப் பொத்தான்களைக் கழற்றி வைத்திருந்தாள். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள இதைவிட நேரம் வாய்க்காது என்று நினைத்தேன்.

“பாவம் தாயி, அந்த டீக்கடைக்காரி.”

அவள் முதுகு அசைந்தது. “அம்மா! நீயும் கேக்குறியா?”

“ஏன், எனக்குக் காது இல்லையா?”

“எப்பருந்து? எங்க கேக்குற? பஸ்ஸுலயா? சொல்லவே இல்ல!” அவ்வளவு சந்தோசத்தை அந்தக் குரலில் நான் எத்தனையோ நாளாகக் கேட்டதில்லை. “அந்த ஆளு யாருன்னு நெனைக்கிற? சொல்லு சொல்லு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ரசிகையைப் போலப் பேசினேன். “அவன் கெடக்கான். இவ என்ன இருந்தாலும் கெட்டிலக் கவுத்து வச்சுட்டு, அடுத்தவ பேரச் சொல்லி ரயிலேறிப் போயிருக்க வேணாம்.”

என் கையிலிருந்த முடி விறைத்தது. தலையை அவள் அசைக்காமல் வைத்துக்கொண்டது அப்படித் தெரிந்தது.

“எங்க போனா?”

“ரயிலேறிப் போயிட்டாள்ல.”

“அம்மா, நீ எதக் கேட்ட?”

“மொதல்ல இருந்ததத்தான். மேல இருந்தது.”

“மேல இருக்குறது கடைசிம்மா! புதுசு வர வர மேல ஏத்துவாக. மொதக் கத அடியில கெடக்கும்!”

நான் சீப்பைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொல்வதானால், முதலில் எனக்கு வருத்தம் வரவில்லை. அந்தக் குரலின் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டோம் என்று ஒரு கணம் நிறைவாக இருந்தது. அடுத்து அவள் சொன்னதில் அது போயிற்று.

“அடுத்து என்ன ஆகும்னு தெரியாம இருக்குறது எனக்கு நல்லாருந்தது அந்தக் கதையில மட்டுந்தான். மத்தது எல்லாம் தெரியாம இருக்கப் பயமா இருக்கு.”

மெதுவாகத்தான் சொன்னாள். தறி ஓடுகிற வீட்டில் ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் கதை கேட்பதை விட்டுவிட்டாள். என்னிடம் பேசுவதையும் விட்டாள். காதுப் பொத்தான்கள் டப்பாவுக்குள் போய்விட்டன. குரல் தோற்றது, நானும் ஜெயிக்கவில்லை. “ஏன் டீச்சர், பள்ளிக்கூடத்துலயும் பாடத்தக் கடைசிப் பக்கத்துலருந்துதான் நடத்துவியா?” என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பஸ்ஸில் மிச்சத்தையும் கேட்டு, அடியில் கிடந்த முதல் கதைவரை வந்து சேர்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிற நாள் ஒன்று வந்தது. சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். பேப்பரில் போட்டிருந்தார்கள், முந்தின நாளே படித்திருந்தேன். இருந்தும் காலையில் எங்கள் தறிகளும் பக்கத்து வீட்டுத் தறிகளும் தெரு முழுக்கத் தறிகளும் ஒரே அடியாக நின்றபோது, முன்னாலிருந்த அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு அவள் அறைக்கு ஓடினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது.

“கரண்ட்டுதாம்மா போயிருக்கு” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

“தெரியும் தாயி.”

“எனக்கும் அப்பிடித்தான் இருக்கு” என்றாள். “தறி நின்னா.”

“உனக்குமா?”

“ம். அன்னைக்கும் சத்தம் நின்னதுதான் ஞாபகம் இருக்கு. அடிச்சது ஞாபகம் இல்ல. நின்னுச்சு. அப்பா ஓடி வந்தாக. நீ வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்துச்சு.”

“ஓடித்தான் வந்தேன்.”

“தெரியும். ஈரக் கை. என் மூஞ்சியப் புடிச்ச. மல்லி வாசம் அடிச்சுச்சு.”

அன்று துவையலுக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கே மறந்திருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தெருவில் யாரோ குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் இப்படியெல்லாம் சத்தங்கள் இருப்பதே மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தெரியும். என் வீட்டுக்காரர் ஓய்வு கிடைத்ததென்று டீக்கடைக்குப் போயிருந்தார்.

“சும்மாதான கெடக்கேன்” என்றாள். “நீ கேட்ட கதையச் சொல்லு. எல்லாத்தையும்தான் கெடுத்துட்டியே, முழுசாக் கெடு.”

கட்டிலுக்கு அடியில் புகுந்து மல்லாந்தேன். இந்த முறை அவள் நல்ல கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். நான் ஆரம்பித்தேன். கெட்டிலைக் கவிழ்த்ததிலிருந்து.

“அம்மா, தொண்ட கட்டியிருக்கா?”

“இல்லையே. மெதுவாப் பேசுறேன்.”

“உனக்கு மெதுவாப் பேச வருமா?”

“பேசாமக் கேளு.”

அந்தக் குரலைப் போல எனக்குச் சொல்ல வரவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடினேன். சில இடங்களை விட்டுவிட்டு, “அய்யய்யோ, இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு, அதாவது இதுக்குப் பின்னாடி” என்று குழம்பினேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பயணியைப் பற்றிச் சண்டை வந்தது.

“அவன் ஏமாத்துக்காரன். தெனம் ஒரு பேரு சொல்றவன நம்பலாமா?”

“அவனுக்கு ஞாபகம் நிக்காதும்மா. அவன் சட்டைப்பையில அட்ரஸ் எழுதித் தச்சிருக்கும்ல?”

“அதெல்லாம் வேசம். ஓசி டீக்கு.”

“ஓசி டீக்கு எவனாவது தெனம் ரயில்ல வருவானா?”

“சீசன் டிக்கெட் வச்சிருப்பான்.”

அவள் சிரித்தாள். கட்டில் ஆடியது. அவள் மூக்கிலிருந்து என் நெற்றியில் ஏதோ விழுந்தது. துடைத்துக்கொண்டு மேலே சொன்னேன். நான் கேட்ட வரிசையில் கடைசியாக வருவது அந்தப் பெண் முதன்முதலாக அந்த நிலையத்தில் வந்து இறங்குவது. கையில் சிவப்புக் கெட்டில். இங்கே கடை போட்டுக்கொள்ளலாமா என்று நிலைய அதிகாரியிடம் கேட்கிறாள். அடுப்பைப் பற்றவைக்கிறாள். அதோடு என் கதை முடிந்தது.

“அப்ப ஒனக்கு அவ வந்து சேந்துட்டா” என்றாள் மகள்.

“ஆமா.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் நீ செஞ்சது தப்பு.”

அப்போது மின்சாரம் வந்தது. பக்கத்து வீட்டுத் தறி முதலில் ஓடியது, பிறகு எங்களுடையது. டீக்கடையிலிருந்து அவர் எப்போது வந்தாரோ தெரியாது. அவள் என்னவோ சொன்னாள், கேட்கவில்லை. ஆனால் அவள் முகம் எனக்கு நேர் மேலே இருந்தது. உதட்டைப் பார்த்தேன். பசிக்குது. நான் ஐந்து விரலையும் குவித்து என் வாயருகே காட்டினேன். ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அசைக்கக் கூடாது என்று விரலை ஆட்டினேன். நாக்கைத் துருத்தினாள். அந்தக் கரகரப்புக் குரல்காரிக்கு இந்தப் பேச்சு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது என்று நினைத்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை எழுதாமல் விட மனமில்லை.

அந்தத் திருப்தி அன்று சாயங்காலம் வரைதான். டப்பாவைத் திறந்து பொத்தான்களைக் காதில் மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அவள் திரும்பவும் ஆரம்பித்துவிட்டாள். முடிவு தெரிந்தாலும் எப்படி அங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். நான் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேலே சத்தமாகக் கழுவினேன்.

சில நாள் கழித்து அவள் கடைசிக் கதையையும் கேட்டு முடித்தாள். என்னைக் கூப்பிட்டாள். போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்தேன். எனக்கு அது பழகிவிட்டிருந்தது. ஒரு பாய்கூடப் போட்டு வைத்திருந்தேன். அவள் முகத்தில் ஏதோ திருட்டுச் சிரிப்பு. உதட்டை மெதுவாக அசைத்தாள்.

நீ கடைசி வரைக்கும் கேக்கலைல்ல?

கேட்டேனே என்றேன்.

நன்றி சொல்ல ஆரம்பிச்சதும் நிப்பாட்டிட்ட.

ஆமா. அதுக்கப்புறம் என்ன இருக்கு?

நன்றி முடிஞ்சதும் இன்னும் கொஞ்சம் கத இருக்கு.

என்ன வருது?

அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டிப் பார்த்தேன். “நீயே கேளு” என்று கடைசியில் சத்தமாகவே கத்தினாள். என் குரலேதான். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். ஈரக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். போகப் போகத் தெளியும் என்கிறார்கள். நான் நம்பவும் செய்கிறேன், பயப்படவும் செய்கிறேன். அவள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பட்டைக் கட்டிலின் ஓட்டை அப்படியே இருக்கிறது. அவர் அதை இழுத்துக் கட்டவில்லை, நானும் சொல்லவில்லை. தறி நின்றால் இன்னமும் ஓடத்தான் செய்கிறேன்.

அவள் இப்போது வேறொரு கதை கேட்கிறாளாம். இந்த முறை ஆண் குரல். அவுக நல்லாச் சொல்றாக என்றாள். அந்த ஆள்மேல் எனக்கு இப்போதே ஆகவில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் போன் வருகிறது. எடுத்ததும் முதல் கேள்வி, நன்றிக்குப் பின்னால் வருகிற அந்த மிச்சக் கதையைப் பற்றித்தான். “அம்மா, கேட்டியா?”

“எங்க தாயி, நேரமே இல்ல. பேப்பர் திருத்துற வேல கெடக்கு.”

“அஞ்சு நிமிசம்கூட இருக்காதும்மா அது. பஸ்ஸுல என்ன செய்ற?”

“தூங்கிர்றேன்.”

“நீயாச்சும் தூங்குறதாச்சும். நாளைக்குக் கேக்கணும், சரியா? கேட்டுட்டுச் சொல்லு.”

“சரி.”

பிறகு சாப்பிட்டாயா, கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டாயா என்று பேச்சு நீள்கிறது. திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சில நாள் அந்தக் கடைசிக் கதையைத் திரும்ப எடுக்கிறேன். அவள் கடையைக் கழுவுகிறாள், கெட்டிலைக் கவிழ்க்கிறாள், ரயில் ஏறுகிறாள். குரல் நன்றி சொல்லத் தொடங்குகிறது. நான் நிறுத்திவிட்டு ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.